பனிமூட்டம் என்ற ஒரு வார்த்தை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் முதல் பக்கத்தில் "பார்வைத் தூரம் பூஜ்ஜியம், விமானங்கள் ரத்து" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கை பரபரத்துக்கொண்டே இருக்கிறது. விமான நிலைய வானிலைக் குறிப்பில் 0000 என்று நான்கு சுழியம் போடுவது உண்மைதான். நானே பல விடியற்காலைகளில் போட்டிருக்கிறேன். ஆனால் அதற்குப் பொருள் 'எதுவும் தெரியவில்லை' என்பதல்ல. '50 மீட்டருக்கும் குறைவு' என்பதுதான். 40 மீட்டர் தள்ளி நிற்கும் ஜீப் கண்ணுக்குத் தெரிந்தாலும் குறிப்பில் 0000தான். இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். 31 ஆண்டுகள் ஒரு விமான நிலையத்தின் வானிலைப் பிரிவில் அப்சர்வராக இருந்தவள் நான். எங்களுக்கு அந்த 50 மீட்டர்தான் விஷயமே.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தத் தூரத்தை அளக்கக் கருவி கிடையாது. ஓடுபாதையின் தொடக்கத்துக்குப் பக்கத்தில் புல்தரையில் ஒரு இடம் குறித்திருப்பார்கள். பனி இறங்கியதும் ஜீப்பில் அங்கே போய் நின்றுகொண்டு ஓர விளக்குகளை எண்ண வேண்டும். அந்த விளக்குகளுக்கு இடையே 60 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே எத்தனை விளக்கு தெரிகிறது என்று எண்ணி, அட்டவணையைப் பார்த்து மீட்டராக மாற்றி, கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போனில் சொல்வோம். இதற்கு ஓடுபாதைப் பார்வைத் தூரம் என்று பெயர்; எங்கள் வாயில் எப்போதும் ஆர்.வி.ஆர்.தான். பின்னாளில் கருவிகள் வந்தன. ஓடுபாதையின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களில் நிற்கும். ஒரு வகை, ஒரு முனையிலிருந்து ஒளியை அனுப்பி மறுமுனையில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கும். இன்னொரு வகை, ஒளி எவ்வளவு சிதறுகிறது என்று பார்க்கும். இந்த இரண்டாவது வகையில் சிலந்தி கூடு கட்டிவிட்டால் இல்லாத பனியையும் இருப்பதாகக் காட்டும். அதைத் துடைக்கப் போவதும் எங்கள் உத்தியோகத்தில் சேர்த்தி.

விளக்கு எண்ணிய காலத்தில் நடந்தது ஒன்று. அதிகாலையில் ஒரு விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. நான் எண்ணியது ஒன்பது விளக்கு. அட்டவணைப்படி 500 மீட்டர். அந்த ஓடுபாதைக்குத் தேவை 550. விமானம் இன்னும் ஆயிரம் அடிக்கு மேலேயே இருந்தது. அந்த உயரத்துக்குக் கீழே இறங்குவதற்கு முன்பே தூரம் குறைந்துவிட்டதாகச் சொல்லிவிட்டால் விமானி மேற்கொண்டு இறங்கக் கூடாது, அதுதான் விதி. அவர் மேலேறி, கொஞ்ச நேரம் வட்டமடித்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் போன எட்டாவது நிமிஷம் பனி விலகியது. பதினான்கு விளக்குகள் பளிச்சென்று தெரிந்தன. நான் அங்கேயே நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அந்தக் கேப்டன் வானிலைக் காகிதங்களை வாங்க எங்கள் அறைக்கு வந்தார். "நேற்று எத்தனை விளக்கு மேடம்?" என்றார். "ஒன்பது சார்" என்றேன். "சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தச் 'சரி'யில் கோபம் இருந்ததா, இல்லையா என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

இப்போது நான் எழுத வந்ததற்கு வருகிறேன். போன குளிர்காலத்தில் நானே பயணியாக மாட்டிக்கொண்டேன். காலை 6.40-க்குக் கிளம்ப வேண்டிய விமானம். கண்ணாடிச் சுவருக்கு வெளியே வெள்ளைத் துணி தொங்கவிட்டது போலப் பனி. அறிவிப்புப் பலகையில் முதலில் 'தாமதம்', அப்புறம் மறுபடி 'தாமதம்', பிற்பகல் 2 மணிக்கு 'ரத்து'. கவுன்டரில் இருந்த பெண்ணிடம் காரணம் கேட்டால், "பனிமூட்டம்மா, எங்களுக்கு வந்த மெசேஜ் அவ்வளவுதான்" என்றாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் பக்கத்து வாசலில் வேறொரு நிறுவனத்தின் விமானம் எட்டேகாலுக்கே கிளம்பிப் போயிருந்தது. எங்கள் வரிசையில் கூச்சல். "அவன் போறான், உங்களுக்கு மட்டும் என்ன பனி?"

நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதிலும் இருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லை, அதுதான் என் ஆதங்கம்.

என் பக்கத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கையில் போனை வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, இங்கே 600 மீட்டர்னு போட்டிருக்கு, ஆனா யாரும் இறங்கலையே" என்றான். அவன் பார்த்தது பொதுவில் வெளியாகும் வானிலைக் குறிப்பு. அரை மணிக்கு ஒரு தடவை வருவது, அதிலுள்ள ஆர்.வி.ஆர். பத்து நிமிஷச் சராசரி. கோபுரத்தில் இருப்பவர் பார்ப்பது ஒரு நிமிஷச் சராசரி. பனி திட்டுத் திட்டாக நகரும் காலையில் இரண்டும் ஒத்துப்போகாது. போனைப் பார்த்துவிட்டு விமானியைத் திட்டாதே என்று சொன்னேன். சிரித்தான்.

சாதாரணக் கருவி வழித் தரையிறக்கத்தை 'கேட்' 1 என்பார்கள்; கேட்டகரி, அதாவது வகை, என்பதன் சுருக்கம். கருவி, தரையிலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடித்து வழிகாட்டி, 60 மீட்டர் உயரம் வரை, அதாவது 200 அடி வரை, கீழே கொண்டுவந்து விடும். அந்த உயரத்தில் விமானி கண்ணால் பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பார்? ஓடுபாதையை அல்ல. ஓடுபாதைக்கு முன்னால் 900 மீட்டர் தூரம் வரை நட்டு வைத்த விளக்கு வரிசையைத்தான். அது தெரிந்தால் இறங்கலாம். இல்லாவிட்டால் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. எஞ்சினை முழு வேகத்தில் முறுக்கி மேலேற வேண்டும். சக்கரம் தரை தொட இன்னும் பதினைந்து நொடி அளவுதான் இருக்கும். 'கேட்' 2 என்றால் 100 அடி வரை வரலாம், ஓடுபாதையில் 300 மீட்டர் தெரிந்தால் போதும். 'கேட்' 3-இல் விமானத்தின் தானியங்கியே தரை தொட்டு, ஓடுபாதையின் நடுக்கோட்டில் ஓடி வேகம் குறைக்கும். அதன் கடைசிப் படியில் 75, சில இடங்களில் 50 மீட்டர் தெரிந்தாலும் இறங்கலாம். தரை தொடும் வேகத்தில் 75 மீட்டரைக் கடக்க ஒரு நொடிக்குச் சற்று அதிகம் ஆகும். அங்கே கண்ணுக்கு வேலையே இல்லை என்று சொல்லலாம். இது நேற்று வந்த வித்தையும் அல்ல. பயணிகளோடு பறந்த விமானம் ஒன்று முதன்முதலாகத் தானாகத் தரை தொட்டது 1965 ஜூன் 10 அன்று, லண்டன் ஹீத்ரோவில். பாரிஸிலிருந்து வந்த டிரைடன்ட் விமானம் அது.

"அப்புறம் ஏன் எல்லாரும் இறங்கக் கூடாது?" என்றான் பையன். இங்கேதான் சூட்சுமம். விமான நிலையத்தில் கருவியும் விளக்கும் அந்தத் தரத்தில் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் கண் சிமிட்டும் நேரத்தில் மாற்று மின்சாரம் வர வேண்டும். விமானத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தானியங்கிகளும், தரையிலிருந்து உயரம் அளக்கும் ரேடியோ மானியும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். முந்தைய நாள் அவற்றில் ஒன்று மக்கர் செய்ததாகப் பதிவேட்டில் எழுதியிருந்தால், சரி செய்யும் வரை அந்த விமானம் பனிக்கு உதவாது. இரண்டு விமானிகளும் அதற்கென்று பயிற்சி எடுத்து, சிமுலேட்டரில் உரிய காலத்துக்குள் தேறியிருக்கவும் வேண்டும். நிலையம், விமானம், விமானி என்ற இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பழையபடி 'கேட்' 1-க்கு வேண்டிய 550 மீட்டருக்குக் காத்திருக்க வேண்டியதுதான். பக்கத்து வாசல் விமானம் கிளம்பியதும் எங்களுடையது நின்றதும் இப்படியும் இருந்திருக்கலாம். ஆனால் வாசலில் ஒட்டியிருந்த தாளில் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அடர்ந்த பனியில் இறங்குவதைவிடக் கிளம்புவதற்குத்தான் சில சமயம் அதிகத் தூரம் தெரிய வேண்டும். இறங்கும்போது தானியங்கி பிடித்து இறக்கிவிடும். ஏறும்போது விமானிதான் நடுக்கோட்டு விளக்குகளைப் பார்த்து ஓட்ட வேண்டும். பொதுவாக 125 மீட்டராவது தெரிய வேண்டும் என்பார்கள். விளக்குகள் 15 மீட்டருக்கு ஒன்று என்றால் கண் முன்னால் எட்டு விளக்கு. பாதி ஓட்டத்தில் எஞ்சின் பழுதானால் அந்த எட்டு விளக்கை நம்பித்தான் நேராக நிறுத்தியாக வேண்டும். ஆகவே 80 மீட்டர் தெரியும் காலையில் வருகிற விமானங்கள் இறங்கிக்கொண்டே இருக்கும், நிற்கிற விமானங்கள் நின்றுகொண்டே இருக்கும். உள்ளே கண்ணாடி வழியாகப் பார்க்கிறவருக்கு ரத்தம் கொதிக்கும்.

கிளம்பியவுடன் ஒரு எஞ்சின் நின்றால் அதே ஓடுபாதைக்குத் திரும்ப முடியாத அளவு பனி இருந்தால், கிளம்புவதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. இரண்டு எஞ்சின் விமானம் என்றால், ஒரே எஞ்சினில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய வேறொரு நிலையம் திறந்திருக்க வேண்டும். சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே போர்வை போர்த்திய காலையில் அந்த 'வேறொரு நிலையம்' கிடைப்பதே பாடு.

சரி, தரையில் என்ன தாமதம்? நல்ல வெயிலில் ஒன்றன் பின் ஒன்றாக நெருக்கமாக இறங்கும் விமானங்களைப் பனியில் அப்படி விட முடியாது. வழிகாட்டும் ரேடியோ அலையின் குறுக்கே இன்னொரு விமானம் நின்றால் அலை கோணிக்கொள்ளும். அதனால் முன்னால் இறங்கியது ஓடுபாதையை விட்டு மட்டுமல்ல, அந்த அலையின் எல்லையை விட்டும் வெளியேறும் வரை பின்னால் வருவதற்கு அனுமதி கிடையாது. கிளம்பக் காத்திருப்பவையும் வழக்கத்தைவிடத் தள்ளியே நிற்க வேண்டும். வெளியேறும் விமானிக்கோ வழி தெரியாது. சிவப்பு விளக்குப் பட்டைகளையும் முன்னால் போகும் வண்டியையும் பார்த்து ஊர்ந்து வர வேண்டும். இப்படியே ஒரு மணிக்கு இறங்கும் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிடும் நாட்கள் உண்டு.

இந்த ஊர்தலைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்களுக்கு நான் இரண்டு தேதிகளைச் சொல்வேன். 1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் டெனரிஃபேயின் லோஸ் ரோடியோஸ் நிலையம். பக்கத்துத் தீவில் குண்டு வெடித்ததால் திருப்பிவிடப்பட்ட விமானங்கள் அந்தச் சின்ன நிலையத்தை அடைத்துக்கொண்டு நின்றன. ஓரப் பாதையிலும் இடமில்லாமல் ஓடுபாதையின் மீதே ஊர்ந்து போக வேண்டியதாயிற்று. அப்போது மலை மேகம் இறங்கி மூடியது. தரையைப் பார்க்கும் ரேடார் அங்கே இல்லை. ஒரு ஜம்போ விமானம் அனுமதி இல்லாமல் ஓட ஆரம்பித்தபோது எதிரே இன்னொரு ஜம்போ இருந்தது. 583 பேர் இறந்தார்கள். இன்னொன்று 2001 அக்டோபர் 8, மிலான் நகரின் லினாட்டே நிலையம். அடர்ந்த பனியில் சிறிய ஜெட் ஒன்று தவறான பாதையில் திரும்பி, வேகமெடுத்து வந்த விமானத்தின் குறுக்கே போய்விட்டது. 118 உயிர்கள். அங்கேயும் தரை ரேடார் வேலை செய்யவில்லை. இரண்டு இடத்திலும் பனி மட்டும் யாரையும் கொல்லவில்லை. ஆனால் யார் எங்கே நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாமல் செய்தது அதுதான்.

அன்றைக்கு எங்கள் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், முந்தைய வாரம் தன் விமானம் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டதைச் சொல்லிக் கொதித்தார். "நான் ஜன்னல் வழியா ஓடுபாதையைக் கண்ணால பார்த்தேன்மா. அவ்வளவு தெளிவா தெரிஞ்சுது. பொய் சொல்லிட்டாங்க." அவரும் பொய் சொல்லவில்லை, விமானியும் பொய் சொல்லவில்லை. தரையை ஒட்டிய பனி பத்து இருபது மீட்டர் உயரம்தான் இருக்கும். நேர் மேலிருந்து பார்த்தால் மெல்லிய படலம். உள்ளே இருக்கிற எல்லாம் தெரியும். சரிவாக இறங்கி வரும்போது அதே படலத்தின் நீளவாட்டத்தை ஊடுருவிப் பார்க்க வேண்டும். அப்போது பால் ஊற்றியது போல மறைந்துவிடும். கொசுவலையை நேராகப் பார்ப்பதற்கும், மடித்து வைத்த விளிம்பு வழியாகப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். பெரியவர் பாதிதான் நம்பினார் என்று நினைக்கிறேன்.

அவரே இன்னொன்றும் கேட்டார்: ராட்சத மின்விசிறி வைத்து ஊதினால் என்ன? சிரிக்க வேண்டாம், அதைவிடப் பெரிதாகவே முயன்றிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் ஓடுபாதையின் இரு பக்கமும் குழாய் போட்டுப் பெட்ரோலை எரித்துப் பனியைக் கரைத்தார்கள். குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாக இறங்கின. ஆனால் ஆற்றுத் தண்ணீரைப் போலப் பெட்ரோல் ஓடியது. போர் முடிந்ததும் அது கட்டுபடியாகவில்லை. உறைநிலைக்குக் கீழே இருக்கும் பனியென்றால் உலர் பனிக்கட்டியை, அதாவது உறைந்த கரியமில வாயுவை, தூவி உதிரச் செய்யலாம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் செய்திருக்கிறார்கள். உறைநிலைக்கு மேலே இருக்கும் பனிக்கு அந்த மருந்து பலிக்காது.

பனி எப்போது விலகும் என்று சரியாகச் சொல்ல முடியாதா என்பதும் எங்களை எப்போதும் துரத்திய கேள்வி. இரவு இரண்டு மணிக்கு வானம் துல்லியமாக இருக்கும். காற்றின் வெப்பத்துக்கும், அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பமான பனிப்புள்ளிக்கும் ஒரு டிகிரிதான் வித்தியாசம். காற்று மூன்று நாட், அதாவது மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில், வீசினால் பனி கட்டும். சுத்தமாக நின்றுபோனால் புல்லில் வெறும் ஈரமாக இறங்கிவிடும். எட்டு நாட் வீசினால் ஒன்றுமே வராது. இந்த மூன்றுக்கும் நடுவில் எந்தப் பக்கம் சாயும் என்று நாங்கள் எழுத வேண்டும். சூரியன் வந்ததும் விலகிவிடும் என்று ஜனங்கள் நினைப்பார்கள். நேர்மாறாக, விடிந்த முதல் அரை மணியில்தான் பல நாள் இன்னும் தடிக்கும். முதல் வெப்பம் புல்லின் ஈரத்தைக் கிளப்பிக் காற்றைக் கொஞ்சம் கிளறிவிடும், அவ்வளவுதான். கரைவதற்கு இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

நான் பயணியாக மாட்டிக்கொண்ட அன்றும் பத்து மணிக்கெல்லாம் வெயில் வந்துவிட்டது. ஆனால் நாங்கள் ஏற வேண்டிய விமானம் வரவில்லை. அது விடியற்காலையில் வேறொரு ஊரில் பனியில் நின்று, அங்கிருந்து கிளம்புவதே தாமதமாகி, வழியில் இன்னொரு நடையும் முடித்துவிட்டு வர வேண்டியிருந்தது. ஒரே விமானம் ஒரு நாளில் ஐந்தாறு நடை போகும். முதல் நடை மூன்று மணி தாமதமானால் கடைசி நடைக்குள் விமானிகளின் பணி நேர வரம்பு முடிந்துவிடும். அதற்கு மேல் அவர்கள் பறக்கக் கூடாது. மாற்று ஆட்கள் வேறு ஊரில் இருப்பார்கள். இரண்டு மணிக்கு எங்கள் பலகையில் 'ரத்து' என்று விழுந்தபோது, வெளியே நின்ற ஒரு விமானத்தின் நிழல் தரையில் கத்தி போல விழுந்திருந்தது. பலகையில் காரணம் என்னவோ 'பனிமூட்டம்'தான்.

இதில் பணமும் இருக்கிறது என்பதை உங்கள் வாசகர்கள் அறிவது நல்லது. உதாரணமாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதி, எண் 261, பறக்கவே முடியாத வானிலையால் ரத்தானால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்கிறது. காத்திருக்கும் நேரத்தில் சாப்பாடும், இரவு தங்க இடமும், டிக்கெட் பணமோ மாற்று விமானமோ தந்தே ஆக வேண்டும். ஆனால் இழப்பீடு கிடையாது. ஆகவே 'பனி' என்ற வார்த்தை நிறுவனத்துக்கு ஒரு குடை. காலையில் உண்மையாகவே மழை பெய்தபோது விரித்த குடையை மாலை வரை மடக்குவதில்லை. உபரி விமானியும் உபரி விமானமும் வைத்திருந்தால் மதியத்துக்குள் சீராகியிருக்கக்கூடிய குழப்பமும் அதே குடைக்குள் போய்விடுகிறது.

பனியில் விமானத்தைக் கிளப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒன்பது விளக்கு எண்ணியவள் அப்படிக் கேட்க மாட்டேன். வாசலில் ஒட்டும் தாளில் இன்னும் ஒரு வரி எழுதச் சொல்கிறேன்: இந்த நிமிஷம் ஓடுபாதையில் எத்தனை மீட்டர் தெரிகிறது, நமக்கு எத்தனை வேண்டும். ஓடுபாதை சரியாகி விமானம்தான் வரவில்லை என்றால் 'விமானம் வரவில்லை' என்று எழுதட்டும். விமானிக்கு நேரம் முடிந்துவிட்டது என்றால் அதையே எழுதட்டும். அந்த எண் கோபுரத்தில் ஒவ்வொரு நிமிஷமும் கண்ணெதிரே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை ஒரு பலகைக்குக் கொண்டுவருவது பெரிய காரியமில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை உங்கள் நிருபர் விமான நிலையத்துக்குப் போன் செய்யும்போது எத்தனை விமானம் ரத்து என்பதோடு விட்டுவிடாமல், முதல் ரத்து எத்தனை மணிக்கு, கடைசி ரத்து எத்தனை மணிக்கு, ஓடுபாதை 550 மீட்டரைத் தாண்டியது எத்தனை மணிக்கு என்றும் கேட்கச் சொல்லுங்கள். தாண்டிய பிறகு ரத்தானவற்றைத் தனி வரியில் போடுங்கள். அப்புறம் அந்தப் பூஜ்ஜியத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற வானிலை அப்சர்வர்